நெல்லையிலிருந்து குளிர்நாட்டுக்கு: கட்டுப்படியாகும் ஆல் சீசன் டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசிப் பக்கம் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு டயர் என்றால் சித்திரை வெயில், ஐப்பசி மழை, பஞ்சர் இவை மூன்றும்தான் கவலை. கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ போய் இறங்கி, முதல் பழைய காரை வாங்கியதும் குளிர் என்ற நாலாவது கவலையும் வந்து சேரும். ‘ஆல் சீசன்’ என்ற பெயரை நம்பி, எல்லாப் பருவத்துக்கும் இது போதும் என்று வாங்கிவிடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. குடியேறும் ஊரில் தை, மாசி மாதக் காலைகள் எப்படி இருக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். விலைப் பேச்சு அதற்குப் பிறகு.

டயரின் ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் அமுங்கிக் கவ்வுவதால்தான் வண்டிக்குப் பிடி கிடைக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனியே இல்லாத காய்ந்த சாலையில்கூட பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். திருநெல்வேலியில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால், இந்த மாற்றத்தை நம்மூர் ஓட்டுநர் காலால் உணர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. அங்கே போய் முதல் குளிர்காலத்தில் முன்னால் போகும் வண்டியில் இடிப்பவர்கள் பலர் மெதுவாகத்தான் வந்திருப்பார்கள். டயர் நிற்காது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மூன்று வகை, இரண்டு குறி

வட அமெரிக்கக் கடைகளில் ஆல் சீசன், ஆல் வெதர், வின்டர் என்று மூன்று வகை விற்கும். பெயரைவிட டயரின் பக்கச்சுவரில் இருக்கும் குறியைப் பாருங்கள். ‘எம்+எஸ்’ என்று மட்டும் இருந்தால், சேறும் பனியும் தள்ளும்படி பட்டன் (சாலையில் படும் ரப்பர் மேடு) வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்காகப் பனியில் ஓட்டிப் பரிசோதிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிச்சில்லும் வரைந்த குறி இருந்தால், பனியில் சோதித்துத் தேறிய டயர். ஆல் வெதர், வின்டர் இரண்டிலும் இந்த மலைக்குறி இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தச் சோதனை பனியில் இழுத்துக் கிளம்பும் திறனைத்தான் அளக்கிறது, கண்ணாடியாக உறைந்த ஐஸில் பிரேக் பிடிப்பதை அது அளப்பதில்லை. ஐஸில் தனி வின்டர் டயர்தான் மேல்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே ‘ஆல் சீசன்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை மலைக்குறி உள்ளவை. அதாவது வட அமெரிக்காவின் ஆல் வெதர் வகை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் குளிர்காலச் சாலைக்கு மலைக்குறி இல்லாத டயர் செல்லாது.

கனடாவிலும் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மலைக்குறி உள்ள ஆல் வெதர் அதற்குச் செல்லும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் விதி தொடங்கும். எம்+எஸ் குறியே போதும் என்றாலும் பட்டன் ஆழம் 3.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். ஆல் வெதருக்கும் தருவார்களா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எங்கள் தீர்ப்பு இது. ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டா, சார்லட் என்றால் சாதாரண ஆல் சீசன் போதும். வருஷத்தில் ஓரிரு நாள் ஐஸ் விழுந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டொரன்டோ, பிராம்ப்டன், சிகாகோ, நியூ ஜெர்சி என்றால் ஆல் வெதர் ஒரே செட். புதிதாகப் போகிறவர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பார். இன்னொரு செட் டயரை வைக்க இடம் இருக்காது, வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றும் கூலியும் மிச்சம். வினிபெக், எட்மன்டன், மான்ட்ரியால் பக்கம் தினமும் ஓட்டுபவர் கணக்குப் பார்க்காமல் தனி ஸ்டீல் ரிம்மில் வின்டர் டயர் வாங்கிவிடுவது நல்லது. இரண்டு செட்டும் மாறி மாறித் தேய்வதால் அந்தப் பணம் முழுவதும் வீண் இல்லை.

கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே பழகுங்கள்

டயரில் இருக்கும் எழுத்தை வாசிப்பதை ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம். உங்கள் காரின் முன் டயர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். 205/55 ஆர்16 91எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 615 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். டி என்றால் 190, வி என்றால் 240. அளவு அப்படியே ஒத்துப்போக வேண்டும்; எடைக் குறியீட்டையும் வேக எழுத்தையும் கூட்டலாம், குறைக்கக் கூடாது. எந்த அளவு சரி என்பதற்கு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே சாட்சி. முந்தைய உரிமையாளர் மலிவாகக் கிடைத்ததைப் போட்டிருக்கலாம். ஓடும் டயரை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள்.

இன்னொரு இடத்தில் ‘டாட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் நீண்ட குறியீடு இருக்கும். கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஒரு பக்கத்தில் அரைகுறையாக இருந்தால் மறுபக்கம் குனிந்து பாருங்கள். ‘புது டயர்’ என்று விற்பது இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள். ஆறு வருஷம் தாண்டியதை வருஷாவருஷம் சோதிக்க வேண்டும். பத்து வருஷம் ஆனதைப் பட்டன் நிறைய இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

அமெரிக்க முறையில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 600 என்றால் 400-ஐவிட அதிகம் உழைக்கும் என்பது கணக்கு. ஆனால் அந்த எண்ணை நிறுவனமே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிடத்தான் அது உதவும். அதன் பக்கத்தில் ஈரச்சாலைப் பிடிக்கு ஏஏ, ஏ, பி, சி என்று தரம் இருக்கும். இதில் ஏ-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பணம் எங்கே மிச்சம், எங்கே மிச்சமில்லை

முன்னணிப் பெயர்களுக்கும், யாரும் கேள்விப்படாத அடிமட்ட விலைச் சரக்குக்கும் நடுவில் ஒரு நல்ல தட்டு இருக்கிறது: ஜெனரல், கும்ஹோ, நெக்ஸன், ஹான்கூக், ஃபயர்ஸ்டோன், கூப்பர். தினசரி ஓட்டத்துக்கு இவை தாராளம். ஜெனரல் கான்டினென்டலுடையது, ஃபயர்ஸ்டோன் பிரிட்ஜ்ஸ்டோனுடையது, கூப்பரை 2021-இல் குட்இயர் வாங்கியது. நம் அப்பல்லோ 2009-இல் வாங்கிய விரெடஸ்டைனின் குவாட்ராக் வரிசையில் மலைக்குறியும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஏற்றுமதிக்கு டயர் செய்கிறார்களே, அதை அங்கே வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆலையில் செய்வது டிராக்டர் முதலான வயல்வெளி, கனரக வாகன டயர்கள், காருக்கு அல்ல. அடிமட்டச் சரக்கில் பெரும்பாலும் அடிபடுவது ஈரச்சாலை பிரேக். அது கடையில் தெரியாது, மழையில்தான் தெரியும்.

விளம்பர விலையைப் பார்த்து மலைக்கவோ மகிழவோ வேண்டாம். எல்லாம் சேர்த்துக் கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, டயர் 120 டாலர் என்றால் நான்குக்கு 480. மாட்ட, பேலன்ஸ் செய்ய, வால்வு மாற்ற, பழையதை அப்புறப்படுத்த டயருக்கு 25 டாலர் என்றால் 100. ஒன்டாரியோவில் 13 சதவீத வரி சேர்ந்தால் 655 டாலர் 40 சென்ட். இன்னொரு கடை டயரை 135 என்று சொல்லி, மாட்டும் கூலியையும் பிற்கால ரொட்டேஷனையும் (முன், பின் டயர்களை இடம் மாற்றிப் போடுவது) அதிலேயே அடக்கியிருக்கலாம். நான்குக்கு 540, வரியோடு 610 டாலர் 20 சென்ட். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல், டயர் ஒரே ஓரமாகத் தேயாமல் இருந்தால் அலைன்மென்ட் உடனே தேவையில்லை. முதல் பனி விழுந்த வாரம் கூட்டம் அலைமோதும், அளவும் கிடைக்காது, புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள்.

இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன் சக்கர இழுவை வண்டியானாலும் சரி. முன் டயர் தண்ணீரில் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் மீளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதைத் திருப்புவது பழகிய கைக்கே கடினம். நான்கு சக்கர இழுவை வண்டிக்கு இந்த வழி ஆகாது. நான்கும் ஒரே டயராக, தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் பெட்டிப் பக்கம் செலவு வைக்கும்.

செகண்ட் ஹேண்ட் டயர் விற்கும் கடைகள் அங்கேயும் உண்டு. தேதியைப் பாருங்கள், உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுங்கள், பக்கச்சுவரில் வீக்கமோ வெடிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டம் பொதுவாக 1.6 வரை விடும். மழைக்கு 3, பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே நம்பக் கூடாது. பாதி தேய்ந்ததைப் பாதி விலைக்கு வாங்கினால் பனிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

காற்றும் பஞ்சரும்

இங்கே பெட்ரோல் பங்கில் பையன் வந்து காற்றுப் பிடித்துவிடுவான். அங்கே நாமேதான். ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. டயரில் எழுதியிருப்பது அந்த டயரின் உச்சவரம்பு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். வெப்பநிலை 5.6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 24 டிகிரியில் 33 பிடித்தது, மைனஸ் 6 ஆன ஒரு காலையில் 28 ஆகிவிடும். ஆனால் எச்சரிக்கை விளக்கு, வைக்க வேண்டிய அளவில் கால் பங்கு குறைந்தால்தான், அதாவது 25-க்குப் பக்கத்தில்தான், எரியும். விளக்கை நம்பி ஓட்டினால் குளிர்காலம் முழுக்கக் குறைந்த காற்றிலேயே ஓடி, டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்துவிடும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

நெல்லை வண்ணாரப்பேட்டையில் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து திரி செருகி அனுப்பிவிடுவார்கள். அங்கே முறைப்படி செய்யும் கடை டயரை ரிம்மிலிருந்து எடுத்து, துளையை அடைத்து உள்ளே ஒட்டும் போடும்; துளை 6 மில்லிமீட்டருக்கு மேலிருந்தாலோ பக்கச்சுவரில் இருந்தாலோ தொடவே மாட்டார்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று கார் வாங்கும் அன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். பல கார்களில் ஒல்லியான தற்காலிகச் சக்கரம்தான் இருக்கும்: வேகம் 80-க்கு மேல் போகக் கூடாது, காற்று பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. சிலவற்றில் அதுவும் இன்றி ஒரு பம்பும் பசையும்தான்.

புது டயர் மாட்டிய பிறகு 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். அநேகக் கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை. ரொட்டேஷன் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அந்த ரசீதுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள்: டயர் சீக்கிரம் தேய்ந்து வாரண்டி கேட்கும் நாளில் கடைக்காரர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.