புது வீட்டில் டக்ட், காற்றோட்டச் செலவு: கொட்டேஷன் கேட்கும் முன் நீங்களே போடக்கூடிய கணக்கு

என் வீட்டின் டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் குழாய்) வேலைக்கு வந்த கொட்டேஷன்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எல்லாவற்றிலும் “டக்ட் வேலை, மொத்தம்” என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு தொகை. எது நியாயம் என்று பார்க்க வழியே இல்லை. வரைபடத்தை விரித்து நானே அளந்து கணக்குப் போட்ட பிறகுதான் தெளிவு வந்தது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். விலை எதுவும் சொல்லவில்லை. தகடு விலையும் கூலியும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எத்தனை சதுர அடி டக்ட் தேவை என்பது உங்கள் வரைபடத்திலேயே இருக்கிறது.

படி 1: இரண்டு கணக்காகப் பிரியுங்கள்

ஏசி காற்றைச் சுற்றவிடும் டக்ட் ஒரு கணக்கு. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து, உள்ளே தேங்கியதை வெளியே தள்ளும் காற்றோட்டம் இன்னொரு கணக்கு. ஸ்பிளிட் ஏசி போடுபவர்கள் “நமக்கு டக்ட் செலவே கிடையாது” என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. குளியலறை ஈரமும் அடுப்புப் புகையும் வெளியேற வழி எப்படியும் வேண்டும்.

படி 2: எவ்வளவு காற்று?

காற்றின் அளவு சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. ஏசி பக்கம் ஒரு டன்னுக்குச் சுமார் 400 சி.எஃப்.எம். என்று வைத்துக்கொள்வது வழக்கம். அறைவாரியான வெப்பக் கணக்கை மட்டும் ஏசி வடிவமைப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சதுர அடியை வைத்து டன் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஜன்னலும் கூரையும் வெயில் விழும் திசையும் கணக்கில் வராத டன் பெரும்பாலும் பெரிதாகவே வரும். பெரிய மெஷின் என்றால் டக்டும் பெரிது.

காற்றோட்டத்துக்கு ஆஷ்ரே (அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம்) வெளியிட்ட 62.2 தரநிலையின் சூத்திரம் எளிது. வீட்டின் சதுர அடியை 0.03 ஆல் பெருக்குங்கள். படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 7.5 ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வீடு முழுக்கத் தேவையான அளவு. 1,500 சதுர அடி, 3 படுக்கையறை என்றால் 45 + 30 = 75 சி.எஃப்.எம். இது போக, தேவைப்படும்போது ஓடவிடும் ஃபேன் என்றால் குளியலறைக்கு 50, அடுப்புக்கு மேல் இருக்கும் ஹுட்டுக்கு 100.

படி 3: வழியை வரைந்து தகட்டை அளங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். செலவு கூடுவதும் குறைவதும் இந்த இடத்தில்தான்.

டக்ட் வேலையைப் பல இடங்களில் தகட்டின் பரப்பை வைத்து அளப்பார்கள். கணக்கு சுலபம்: நாலு பக்கச் சுற்றளவு × நீளம். 12 × 8 அங்குல டக்டின் சுற்றளவு 40 அங்குலம். 30 அடி ஓடினால் 100 சதுர அடி.

இப்போது ஃபால்ஸ் சீலிங்கில் இடம் போதவில்லை, பீம் குறுக்கே வருகிறது, டக்டைத் தட்டையாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 × 4 அங்குலம். காற்று போகும் குறுக்குப்பரப்பு அதே 96 சதுர அங்குலம்தான். சுற்றளவோ 56 அங்குலம். அதே 30 அடிக்கு 140 சதுர அடி தகடு! இன்சுலேஷனையும் அதே பரப்பில்தான் சுற்ற வேண்டும், அதனால் செலவு இரண்டு இடத்தில் ஏறுகிறது. தட்டையான டக்டில் உராய்வு அதிகம் என்பதால், அதே காற்றைத் தள்ள உண்மையில் இன்னும் பெரிய அளவு வேண்டும். அதே பரப்புள்ள வட்ட டக்டுக்குச் சுமார் 87 சதுர அடியே போதும்.

அதாவது பீம் ஆழமும் சீலிங் உயரமும் முடிவாகும் நாளிலேயே டக்ட் செலவில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. ஆகவே கான்கிரீட் போடும் முன்பே டக்ட் வழியை வரைபடத்தில் குறித்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். பீமில் ஓட்டை எங்கே விடலாம், விடலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பிறகு துளைப்பது செலவும் ஆபத்தும்.

வளைவுகளையும் எண்ணுங்கள். ஒவ்வொரு எல்போவும் காற்றுக்குப் பல அடி நேர் டக்ட் போல எதிர்ப்பு கொடுக்கும். மெஷினை வீட்டின் நடுவில் வைத்தால் நீளமும் குறையும், வளைவும் குறையும்.

படி 4: கொட்டேஷனை உடைத்துக் கேளுங்கள்

எல்லோரிடமும் ஒரே தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். தகடு எத்தனை சதுர அடி, எந்த கேஜ் (எண் கூடினால் தகடு மெலிசு), எல்போவும் ரெட்யூசரும் (டக்டின் அளவைக் குறைக்கும் துண்டு) பரப்பில் சேர்ந்ததா தனியா, இன்சுலேஷன், ஹேங்கர் (டக்டைத் தொங்கவிடும் தாங்கி), டேம்பர் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு), கிரில் (அறையில் காற்று வரும் வாய்), இணைப்புகளை அடைப்பது, டெஸ்டிங். டேம்பரை விட்டுவிட்டு மலிவாகக் காட்டும் கொட்டேஷன் நிறைய வரும். டேம்பர் இல்லையென்றால் ஒரு அறை உறையும், இன்னொன்று புழுங்கும், சரிசெய்ய வழி இருக்காது. இதற்கென்று ஆப் எதுவும் தேவையில்லை, சாதாரண எக்செல் தாள்தான் சிறந்தது.

படி 5: பொருள்

முடிந்த இடத்திலெல்லாம் வட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) டக்ட். ஃப்ளெக்சிபிள் டக்ட் மலிவு, பொருத்துவதும் சீக்கிரம். ஆனால் கிரில்லுக்கு முன் கடைசிச் சில அடிக்கு மட்டும், அதுவும் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்து கிடந்தால் எதிர்ப்பு பல மடங்காகும்.

இணைப்புகளுக்கு மாஸ்டிக் (கசிவை அடைக்கும் பசை) பூசச் சொல்லுங்கள். ‘டக்ட் டேப்’ எனும் துணி டேப் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998இல் பலவகை ஒட்டும் பொருள்களைச் சோதித்தபோது, டக்டுக்கென்றே பேர் வாங்கிய அந்த டேப்தான் மோசமாகத் தோற்றது. கசியும் காற்றுக்கு மாதா மாதம் கரண்ட் பில்லில் பணம் கட்டப்போவது நாம்தான்.

அப்புறம் ரிட்டர்ன், அதாவது காற்று திரும்பும் வழி. அறைக்குள் தள்ளும் காற்று கதவு மூடியிருந்தாலும் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ரிட்டர்னோ டிரான்ஸ்ஃபர் கிரில்லோ (கதவிலோ சுவரிலோ காற்று வெளியேற விடும் திறப்பு) கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: மூடும் முன் டெஸ்ட்

ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்பே கசிவுச் சோதனை நடக்க வேண்டும். கடைசித் தவணையை அந்தச் சோதனையோடும், கிரில்வாரியாக அளந்த சி.எஃப்.எம். பட்டியலோடும் கட்டிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

வாசகர்கள் பலர் குளியலறை எக்சாஸ்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஃபேனின் குழாயைச் சீலிங்குக்குள்ளேயே விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவர் வரை குழாய் போக வேண்டும், முனையில் பின்காற்றைத் தடுக்கும் மடிப்பு வேண்டும், குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். சமையலறைக் குழாயை இதோடு சேர்க்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு படியும் குழாய் என்பதால் அது தகட்டில், தனியாக, நேராக வெளியே போக வேண்டும்.

ஈ.ஆர்.வி. (உள்ளே வரும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் இடையே வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றும் மெஷின்) வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: ஜன்னல் திறக்காத, இறுக்கமாகக் கட்டிய வீட்டுக்கு நல்லது, வெளியேறும் காற்றின் குளிர்ச்சியில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துத் தரும். ஆனால் உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் தனித்தனி டக்ட் வேண்டும். மெஷின் விலையை மட்டும் பார்க்காமல், படி 3இன் கணக்கை இந்த இரண்டு வழிக்கும் ஒருமுறை போட்டுவிட்டு முடிவெடுங்கள்.