கோத்தகிரி மூடுபனியில் அரசாணிக்காய்: பிஞ்சு உதிராமல் காய் பிடிக்க

எங்கள் வீடு கோத்தகிரியில், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். முதல் வருஷம் போட்ட அரசாணிக் கொடி (சில ஊர்களில் பரங்கி, மஞ்சள் பூசணி என்பார்கள்) வேலி தாண்டி ஓடியது. பூவும் பிஞ்சும் வந்தன. ஆனால் பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆனதும் மஞ்சளாகி, நுனி அழுகி, உதிர்ந்துவிடும். சத்துக் குறைவு என்று நினைத்து சாணமாகக் கொட்டினேன். இலை யானைக்காது மாதிரி பெருத்ததுதான் மிச்சம், ஒரு காய்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கேட்டார்: "ஏன் கண்ணு, இந்தப் பூவுல ஒரு வண்டு உக்காந்து பாத்திருக்கியா?"

யோசித்தால், பார்த்ததே இல்லை. சாரலும் மூடுபனியுமாக இருந்தால் தேனீ எப்படி வரும்?

சரி, முதலில் பட்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது கீழ்நாட்டுக்குச் சரி. இங்கே ஆடியில் போட்டால் காய் முற்றும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அதற்கும் தப்பினால் உறைபனி. நான் பங்குனியில் விதைக்கிறேன். குழியும் தொழு உரமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தேயிலை இருந்த இடமென்றால் மண் புளிப்பாக இருக்கும், குழிக்கு இரண்டு கைப்பிடி டோலமைட் (புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புக்கல் வகைத் தூள்) கலந்துவிடுங்கள். கொடிக்குக் கொடி ஆறடியாவது விடுங்கள். காட்டுப்பன்றிக்கு வேலி போடலாம். காட்டுமாடு வந்தால் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டியதுதான்.

இனி நான் ஒரு வருஷம் தோற்ற இடம். அரசாணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண். பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண். மகரந்தம் சேராவிட்டால் அந்தக் குட்டிக் காய் வளராது, உதிர்ந்துவிடும். பெண் பூ ஒரே ஒரு காலைதான் விரியும், உச்சிப் பொழுதுக்குள் சுருங்கிவிடும். டீ குடித்து, பேப்பர் படித்து, பத்து மணிக்குப் போய் நின்றால் வேலைக்கு ஆகாது. ஆறரைக்குப் போங்கள்.

அப்படிப் போயும் முதலில் எனக்குப் பலிக்கவில்லை. இரவுச் சாரலில் ஆண் பூவுக்குள் தண்ணீர் தேங்கி, மகரந்தம் குழம்பிய மாவாகக் கிடந்தது. அதனால் இப்போது முந்தின நாள் சாயங்காலமே, நுனி மஞ்சளாகி மறுநாள் விரியப் போகும் ஆண் மொட்டு இரண்டு மூன்றைக் காம்போடு பறித்து, தண்ணீர் டம்ளரில் போட்டு அடுப்பங்கரை ஜன்னலில் வைத்துவிடுவேன். காலையில் காய்ந்த பொடியோடு விரிந்திருக்கும். விரியப் போகும் பெண் மொட்டின் மேல் குச்சி நட்டு ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிட்டால் மழை உள்ளே இறங்காது.

காலையில் ஆண் பூவின் இதழைப் பிய்த்துவிட்டு, நடுத்தண்டால் பெண் பூவின் உள்முடிச்சில் எல்லாப் பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் பொடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் பெண் பூவின் இதழைக் குவித்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். தூரிகை வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், இந்த ஈரத்தில் பொடி முழுக்க மயிரிலேயே ஒட்டிக்கொள்ளும். இப்படிச் செய்த இரண்டாம் வருஷம் ஏழு காய் கிடைத்தது.

காம்பு காய்ந்து கட்டை போல ஆகி, நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழாதபோது, இரண்டு அங்குலக் காம்போடு அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒன்றை அப்படித் தூக்கி, காம்பு பிடுங்கி வந்து, பதினைந்தே நாளில் அந்த ஓட்டை வழியாக அழுகிப்போனது. பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் சூடான, காற்றோட்டமான இடத்தில் ஆறவிட வேண்டும். இங்கே வெயிலை நம்ப முடியாது, அதனால் விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரண்தான். தோல் இறுகிய பிறகு மாதக்கணக்கில் கெடாது.

சமையலுக்கு என் ஓட்டு தட்டைப்பயறு குழம்புக்கு. ஒரு கப் பயறை இரவே ஊறவையுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்தால் பயறு வேகிற வழியே தெரியாது. குக்கரில் போட்டு, கீழ்நாட்டுக் கணக்கைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். அரசாணியைக் குக்கரில் சேர்க்காதீர்கள், கரைந்துவிடும். அரைக் கிலோவைத் தோலோடு பெரிய துண்டாக நறுக்கி (தோலைச் சீவுவது வீண் வேலை, வெந்தால் மெத்தென்று ஆகிவிடும்), வெந்த பயறோடு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொஞ்சம் புளி, அப்புறம் தேங்காய், சீரகம், நான்கு சின்ன வெங்காயம் அரைத்த விழுது. ஒரு கொதி வந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இறக்குங்கள்.

பின்சேர்க்கை: "ஆண் பூவாகவே வருகிறது, கொடியைப் பிடுங்கிவிடவா?" என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிடுங்காதீர்கள். முதல் ஓரிரு வாரம் அப்படித்தான் வரும், பெண் பூ பின்னால்தான். இன்னொருவர் தானே எடுத்த விதையில் வந்த காய் கசக்கிறது என்கிறார். அதை உப்பு, புளி போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். கசக்கும் அரசாணி வயிற்றைக் கெடுக்கும். அந்தக் காயைத் தூக்கி எறியுங்கள், விதையையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.