குராகே பேச்சை ஊர் அறிந்து கற்பது எப்படி?

குராகே கற்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எந்த ஊர்க் குராகே என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவுக்குத் தென்மேற்கே பேசப்படும் செஹா, எஜா, முஹெர், இனோர், கிஸ்தானே எல்லாமே இந்தப் பெயருக்குள் வருகின்றன. கிழக்கேயுள்ள சில்தே, மொழியளவில் ஹரார் நகரின் மொழியான ஹராரிக்கு நெருக்கமானது. அதைப் பேசும் மக்கள் 2001 வாக்கெடுப்பில் தாங்கள் குராகே அல்ல, தனி இனம் என்று முடிவு செய்தவர்கள். அவர்களிடம் "உங்கள் குராகே" என்று பேச்சைத் தொடங்காதீர்கள், மனம் வருந்துவார்கள்.

அடிஸ் அபாபாவில் ஆசிரியராக இருந்தபோது, மெர்காட்டோ சந்தையின் குராகே வியாபாரிகளிடம்தான் நான் கற்றேன். நீங்களும் அந்நகரில் பரவலாகப் பேசப்படும் அம்ஹாரிக் மொழியைக் கொஞ்சம் பழகிக்கொண்டு அங்கே போங்கள். 'உடைத்தான்' என்பதற்கு அம்ஹாரிக்கில் 'ஸெப்பெரெ'. நடுவில் இருப்பது 'ரப்பர்' என்னும்போது வரும் மெல்லிய இரட்டை ஒலி. இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். முஹெர்காரர் அதே 'ரப்பர்' ஒலியோடு 'ஸெப்பெரெம்' என்பார். எஜாக்காரர் சொல்லும்போது அது 'அப்பா'வில் வரும் வல்லொலி ஆகிவிடும். செஹாவில் இரட்டிக்காது, ஆனாலும் அந்த ஒற்றைப் பகரம் வல்லினமாகவே நிற்கும். நம் காதுக்குப் பிடிபடச் சிரமமானது இதுதான். உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றைப் பகரம் வந்தால் நாம் தானாகவே மெலித்துவிடுகிறோம். அதனால் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்க வேண்டாம். எத்தியோப்பிய எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். குராகேக்கென்றே சில கூடுதல் எழுத்துகள் 2021இல் யூனிகோடில் சேர்ந்திருக்கின்றன.

அப்புறம், ஒலிப்பதிவு மட்டும் போதாது. சம்மதம் கேட்டு வீடியோ எடுங்கள். செஹாவில் 'கடித்தான்' என்ற வினையின் நடுக் ககரம் உதடு குவிந்து 'க்வ' ஆனால், 'அவனை' என்ற பொருளும் அதிலேயே சேர்ந்துவிடும். தனிச் சொல் தேவையில்லை! எவ்வளவு அழகான இலக்கணம்! உதட்டைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பினால் இது எளிதில் தப்பிவிடும். இனோரில் மூக்கொலி உயிர்கள் உண்டு, அதற்கும் தனியாகக் காது பழக வேண்டும்.

அகராதி என்றால் மொழியியலாளர் வுல்ஃப் லெஸ்லாவ் 1979இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டதுதான். முதல் தொகுதியில் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனி அகராதி இருக்கிறது. நீங்கள் கற்கும் ஊர்ப் பேச்சை மட்டும் அதில் பாருங்கள். கேட்டறிந்த சொல் அங்கே வேறு மாதிரி இருந்தால், சொன்னவரிடமே மறுபடி போய்க் கேளுங்கள்.