மட்டி எடுக்கும் கரையில் குடும்பத்தோடு நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் கரையில் நடப்பது தனி சுகம். காலையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் மாலையில் செருப்போடு நடக்கலாம். தூரத்தில் நாலைந்து பேர் குனிந்து, மணலுக்குள் புதைந்து வாழும் சிப்பி வகையான மட்டியை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடும், நாமும் பின்னாலேயே போவோம். தவறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர்கள் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டோம், சரி. எந்த நேரக் கணக்கில் அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

நமக்கு ஒழிந்த நேரத்தில் கிளம்புவதுதான் முதல் தவறு. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் (கடல் உச்சத்துக்கு ஏறுவது), இரண்டு வற்றம் (கடைசி மட்டத்துக்கு இறங்குவது). ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். அதனால் இந்த நேரங்கள் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 4 மணிக்குக் கரை வெறிச்சென்று கிடந்ததே என்று அடுத்த வாரம் அதே 4 மணிக்குப் போனால், நடந்த இடமே தண்ணீருக்குள் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிக தூரம் உள்ளே போகும். மட்டி எடுப்பவர்கள் காத்திருப்பது இந்த நாட்களுக்குத்தான். ஆனால் அதிக தூரம் போன தண்ணீர் அதே ஆறு மணி நேரத்துக்குள் அத்தனை தூரமும் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே வேகமும் கூடும்.

அந்த வேகம் ஒரே சீராக இருக்காது. மாலுமிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. ஏறும் தண்ணீரைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, 3, 2, 1. முதல் மணி நேரத்தில் கடல் அசையாத மாதிரியே தெரியும். ‘இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்’ என்று நாம் சொல்வதும் அந்த மணி நேரத்தில்தான். நடு இரண்டு மணியில் பாதித் தண்ணீர் வந்துவிடும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு ஒரு நட்சத்திர மீனைக் காட்டிக்கொண்டிருந்தேன். கூடையை இடுப்பில் ஏற்றியபடி போன ஓர் அம்மா நின்று, “தண்ணி திரும்பிடுச்சு தம்பி, பிள்ளையைக் கூட்டிட்டுக் கிளம்புங்க” என்றார். எதிரே பார்த்தேன், கடல் எங்கேயோ இருந்தது. அவர் கை நீட்டியது என் முதுகுப் பக்கம். வரும்போது கணுக்கால் நனையக் கடந்த ஓடையில் இப்போது தண்ணீர் சத்தமே இல்லாமல் கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கடக்கும்போது எனக்கு முழங்காலுக்கு மேல், அவளுக்கு இடுப்பு. தட்டையான மணல்வெளியில் ஏற்றம் பெரும்பாலும் அலையாக முன்னால் வராது. தாழ்வான ஓடைகளை நிரப்பிக்கொண்டு பின்னால் வரும். நாம் நிற்கும் மேடு கடைசிவரை காய்ந்தே இருப்பதால் ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு, சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படித்தான் ஏற்றத்தில் சிக்கி இறந்தார்கள். அந்தக் கரையும் மொழியும் அவர்களுக்குப் புதிது. வேலை முடித்துத் திரும்பிய உள்ளூர்க்காரர்கள் தங்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி எச்சரிக்கப் பார்த்ததாகப் பின்னர் செய்தி வந்தது.

ஆகவே அன்றைய வற்ற நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இறங்குங்கள். வற்ற நேரம் வந்ததும் கரையை நோக்கித் திரும்பிவிடுங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. மட்டி எடுப்பவர்கள் கூடையைத் தூக்கினால் அலாரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அதே சமயம், ‘அவர்களே இன்னும் நிற்கிறார்களே’ என்ற தைரியமும் கூடாது. அவர்களுக்கு வழி தெரியும், பக்கத்தில் படகு இருக்கலாம், கையில் ஐந்து வயதுப் பிள்ளை இல்லை.

சேற்றில் கால் புதைந்தால் மேல்நோக்கி இழுக்க இழுக்க இன்னும் பிடிக்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்துத் தண்ணீர் இறங்க இடம் கொடுத்தால் விடும். உதவிக்கு ஓடி வருபவர் பக்கத்தில் வந்து நின்றால் அவரும் புதைவார். கொஞ்சம் தள்ளி நின்று கம்பையோ துணியையோ நீட்டட்டும்.

வெறுங்காலும் வேண்டாம், கழன்று ஓடும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற கூர்மையான சின்ன ஓட்டு உயிரியும் ஆளிச் சிப்பியின் ஓடும் பிளேடு மாதிரி கிழிக்கும். வெட்டுப்பட்டால் கடல்நீரே மருந்து என்று விட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கலாம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். காயம் சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மணலில் ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். கூம்பு வடிவில் கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கும் உயிருள்ள சங்கைப் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள். அந்த இனத்தில் சில, விஷ ஊசியால் மனிதரைக் கொல்லக் கூடியவை. கரையொதுங்கிய சொறி மீன் செத்த பிறகும் கொட்டும்.

அப்புறம், அது வேடிக்கை இடம் மட்டுமல்ல, இன்னொருவரின் வேலையிடம். வயலில் நெல் அறுப்பவரிடம் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான் இங்கேயும். கூடைக்குள் கை விட்டுப் பார்ப்பது, கேட்காமல் முகத்துக்கு நேராகப் படம் எடுப்பது, குச்சியும் கயிறும் நட்டிருக்கும் இடத்தில் புகுவது எல்லாம் வேண்டாம். அந்தக் குச்சிகள் யாரோ சிப்பி வளர்க்கும் எல்லையாக இருக்கலாம். நின்று பார்த்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். மணலில் அருகருகே இரண்டு சின்னத் துளைகள், பக்கத்தில் மிதித்ததும் அதிலிருந்து பீச்சும் தண்ணீர், அந்த இடத்தில் விரல் நுழைத்து ஓட்டின் விளிம்பைத் தடவி எடுக்கும் கை. பிள்ளைகள் தோண்டினால் குழியை மூடச் சொல்லுங்கள். தோண்டிப் போட்ட மண் குவியலுக்கு அடியில் சின்ன மட்டிகள் மூச்சுமுட்டிச் சாகும். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டி வாழ்பவை வெயிலில் காய்ந்து போகும்.

பெரிய தவறு சாப்பாட்டில் இருக்கிறது. ‘அவர்கள் எடுக்கிறார்கள், நாமும் நாலு எடுத்து வேகவைத்தால் ஆயிற்று’ என்ற நினைப்பு. மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டித்தான் உணவெடுக்கின்றன. தண்ணீரில் உள்ள நச்சுப்பாசியும் சாக்கடைக் கிருமியும் அவற்றின் உடம்பில் சேரும். கிருமி நன்றாக வெந்தால் பெரும்பாலும் சாகும். பாசியின் சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சு எத்தனை கொதி வந்தாலும் போகாது, ருசியிலும் வாசனையிலும் தெரியாது. கடல் சிவந்திருந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை, தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் இது வயிற்றுக் கோளாறு இல்லை. மூச்சுத் தசைகளையே முடக்கக்கூடியது, மாற்று மருந்தும் கிடையாது. மருத்துவமனையில் மூச்சுக்குத் துணை கொடுத்துத்தான் காப்பாற்றுகிறார்கள், உடனே ஓட வேண்டும். எடுக்கலாமா, எந்த அளவுக்குக் குறைந்ததை விட வேண்டும், எந்த மாதம் தடை என்பதை அறிவிப்புப் பலகையிலும் அங்கே எடுப்பவர்களிடமும் கேளுங்கள். எந்தத் திட்டில் வடிகால் கலக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெளிவான பதில் இல்லையென்றால் அவர்கள் விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பிள்ளைகளின் பைகளை ஒரு தரம் கவிழ்த்துப் பாருங்கள். காலிச் சங்கு என்று எடுத்ததில் துறவி நண்டு குடியிருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று, பாதி வழியில் கார் சீட்டின்மேல் நடக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது.