பேடில் போர்டை இறக்கும் முன் காற்றைப் பாருங்கள்

ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்தின் சைக்ளேட்ஸ் தீவுகளைச் சுற்ற யாட் வாடகைக்கு எடுக்கிறீர்களா? பேடில் போர்டு (நின்றபடி துடுப்புப் போடும் பலகை), கயாக் எல்லாவற்றையும் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே இறக்கிவிடுங்கள். அந்த மாதங்களில் அங்கே மெல்டெமி என்ற வடகாற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு மேகம்கூட இருக்காது. ஆனாலும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் காற்று வலுத்துவிடும். சில நாள் இரவு முழுக்க ஓயாது. அன்றைக்குப் பலகையைத் தொடவே வேண்டாம்.

ஆளை ஏமாற்றுவது தெற்குப் பக்கக் குடாக்கள்தான். மலை மறைப்பில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். காற்றோ கரையிலிருந்து வெளிக்கடலை நோக்கித் தள்ளும். போகும்போது சுகம், திரும்பும்போதுதான் கை கடுக்கும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். களைத்துப்போனால் காற்றே யாட் பக்கம் கொண்டுவந்துவிடும். பலகையின் கயிறு காலில் மாட்டியிருக்கட்டும், லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் அடித்துக்கொண்டு போனால், பலகையை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். அதன்மேல் குப்புறப் படுத்துக் கையாலேயே துழாவுங்கள். முடியாவிட்டால் கையை உயர்த்தி அசைத்து உதவி கேளுங்கள்.

அப்புறம், ஜெட் ஸ்கி, அதாவது தண்ணீரில் ஓடும் மோட்டார் ஸ்கூட்டர். இத்தாலியில் அதை ஓட்டப் படகு ஓட்டுநர் உரிமம் கட்டாயம். பிரான்ஸில் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகம்தான். உங்களிடம் உரிமம் இல்லையென்றால், யாட்டோடு ஜெட் ஸ்கியும் வேண்டுமென்று கூடுதல் பணம் கட்டாதீர்கள்.