மருத்துவச்சி ஆகப் படிக்க வரும் மலைப் பிள்ளைகளுக்கு

கோத்தகிரிப் பக்கம் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். “அக்கா, இதுக்கு என்ன படிக்கணும்?” என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பார்கள்.

பட்டம் வேண்டுமென்றால் பி.எஸ்சி. நர்சிங், 4 வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். பிரசவப் பாடம் அதற்குள்ளேயே வரும். முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள்.

தியரியைப் படித்துத் தேறிவிடலாம். கைதான் பழக வேண்டும். வயிற்றைத் தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நம் குளிரில் சில்லென்ற கை பட்டால் வயிறு இறுகிவிடும், குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று தெரியாது. முதுகுப் பக்கம்தான் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்கும். ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். 110 முதல் 160 வரை இருந்தால் சரி. மறு கையில் தாயின் நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் துடிப்பைக் குழந்தையுடையது என்று எழுதிவிடக் கூடாது.

பார்ட்டோகிராஃப், அதாவது பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் வரைபடம், போடுவதைச் சலிப்பாக நினைக்காதீர்கள். அரை மணிக்கொரு முறை துடிப்பு, 4 மணிக்கொரு முறை கருப்பை வாய் விரிவு. விரிவைக் குறிக்கும் கோடு படத்தில் உள்ள எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் உடனே சொல்லுங்கள், தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரம் வேண்டும். கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறி உதகை வருவதற்குள் மூடுபனி வண்டியை ஊர வைத்துவிடும்.

இங்குள்ள படுகர்களின் மொழியான படுகு நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள், வலியில் இருக்கிற அம்மாவுக்குத் தெம்பு.

அப்புறம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகவே விண்ணப்பியுங்கள்.