புதுச்சேரியிலிருந்து ராக்கெட் பார்க்க: கடலைப் பார்க்காதீர்கள், வடக்கே திரும்புங்கள்

ஸ்ரீஹரிகோட்டாவில் இரவில் ராக்கெட் ஏவினால், வானம் தெளிந்திருக்கும் நாளில் புதுச்சேரியிலும் கடலூரிலும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கடலையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதைக் கோட்டைவிடுகிறார்கள். ஏவுதளம் புதுச்சேரியிலிருந்து சுமார் 200 கி.மீ., கடலூரிலிருந்து 225 கி.மீ. இரண்டு ஊருக்கும் திசை ஒன்றே: நேர் வடக்கிலிருந்து கிழக்கே 12, 13 டிகிரி. புதுச்சேரிக்கு மேலே கரை வடகிழக்காகச் சாய்ந்து போவதால், ராக்கெட் முதலில் தலைகாட்டுவது நிலத்தின் மேல்தான். எனவே பீச் ரோட்டைவிட வடக்கே மறைப்பில்லாத மொட்டை மாடி நல்லது. கடலூர் சில்வர் பீச்சில் கட்டடத் தொல்லை குறைவு. ஆனால் அதே திசையில் புதுச்சேரியின் விளக்கு வெளிச்சம் இருக்கும்.

திசை பிடிக்க, துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நட்சத்திரத்துக்கு நேர் கீழே அடிவானத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வலப்புறம் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் கூடுதலாக நகருங்கள். அந்த இடம்தான். மூட்டம் மறைத்தால் ஃபோன் காம்பஸ் போதும்.

பூமியின் வளைவு முதல் 3 கி.மீ. உயரத்தை மறைத்துவிடும். அதனால் கிளம்பி அரை நிமிடம் கழித்தே வெளிச்சம் தெரியும். யூடியூப் நேரலையை நம்பாதீர்கள், அதுவும் அரை நிமிடம்வரை பிந்தி வரும். அறிவித்த நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். விண்ணில் வேறு பொருளோடு மோதக்கூடும் என்றால் கடைசி நேரத்தில் சில நிமிடங்கள் தள்ளிவைப்பதும் உண்டு.

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் முதலில் எரியும் அடிப்பகுதியான முதல் கட்டத்தில் சுமார் 138 டன் திட எரிபொருள். அதிலுள்ள அலுமினியத் தூள் எரிவதால்தான் அந்தக் கண்கூசும் ஒளி. 110 விநாடியில் அது தீர்ந்து, திரவ எரிபொருளில் ஓடும் இரண்டாம் கட்டம் தொடங்கியதும் ஒளி சட்டென்று மங்கி வெறும் புள்ளியாகும். ஏதோ கோளாறு என்று பதற வேண்டாம். துருவங்களின் மேலாகப் பூமியைச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. தென்கிழக்காக வருவதால் நமக்கு நன்றாகத் தெரியும். செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைப் பாதைக்கான பெரிய ராக்கெட்டுகள் ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.3 கிழக்கே விலகிப் போகும், தாழ்வாகவே தெரியும்.

படம் எடுக்க முக்காலி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 2 நிமிடம் திறந்திருக்கட்டும். ஃபோகஸை ஒரு நட்சத்திரத்தில் முன்பே வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். கடற்காற்றின் உப்பு லென்ஸில் படிந்தால் ஒளி பரவிவிடும், ஏவுவதற்கு 5 நிமிடம் முன்பு துடையுங்கள். சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், 200 கி.மீ. தாண்டி அது வராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைமேகம்தான் பெரிய தடை.

எல்லாவற்றையும்விட அருமையானது விடியலுக்குச் சற்று முன் ஏவுவது. ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதலான ஜி.எஸ்.எல்.வி. எஃப்15, 2025 ஜனவரி 29 அன்று காலை 6:23க்குக் கிளம்பியது. அப்படிப்பட்ட வேளையில் தரையில் இருள் முழுதாக விலகியிருக்காது, மேலே புகையில் மட்டும் வெயில் படும். ராக்கெட் மறைந்த பிறகும் 10 நிமிடம் கிளம்பாதீர்கள். அந்தப் புகை காற்றில் நெளிந்து நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.